காக்கையையும் எழுதுங்கள்: ஊர்ப் பறவைக் கணக்கெடுப்புக்கு முதல்முறை வருபவர்களுக்கு

நான் முதன்முதலில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனது ஒரு பொங்கல் விடுமுறையில். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை கரையில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து செல்போன் செயலியில் பட்டியலை ஏற்றினேன். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், செம்பருந்து என்று பதினோரு பெயர். "பார்த்து அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?" என்று கடைசியில் ஒரு கேள்வி வந்தது. ஆமாம் என்று அழுத்தினேன்.

மதியம் போல ஒரு மூத்தவர் போனில் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, உங்க கண்மாயில காக்கா இல்லையா?"

"காக்கா இல்லாம இருக்குமாண்ணே? நெறைய இருந்துச்சு."

"மைனா? உண்ணிக்கொக்கு?"

"அதெல்லாம் எப்பவும் இருக்கறதுதானேண்ணே..."

"நீங்க எழுதலையே. எல்லாத்தையும் எழுதிட்டேன்னு வேற சொல்லியிருக்கீங்க. அப்ப உங்க பட்டியலைப் படிக்கிறவனுக்கு அந்தக் கண்மாயில காக்காயே கிடையாது."

ஊர்ப் பறவைக் கணக்கெடுப்பு என்றால் என்ன என்பதில் முக்கால்வாசி எனக்கு அந்த ஒரு போனில் புரிந்தது. மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கணக்கெடுப்பு என்றதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் நினைவுக்கு வரும். வீடு வீடாகப் போய் ஒரு தலை விடாமல் எண்ணுகிற வேலை அது. பறவைக்கு அது நடக்காது. ஒரு கண்மாயில் உள்ள பறவை முழுவதையும் எண்ணி முடிக்க எவராலும் முடியாது. நாணலுக்குள் இருப்பது வெளியே தெரியாது, முக்குளிப்பான் தண்ணீருக்குள் போய் வேறு எங்கோ எழும். அதனால் நாம் செய்வது பதம் பார்ப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம் அல்லவா, அதேதான். ஆனால் பதம் பார்க்க ஒரு நிபந்தனை உண்டு: சோற்றைப் பார்க்காமல் எடுக்க வேண்டும். நன்றாக மலர்ந்த பருக்கையாகத் தேடி எடுத்து நசுக்கிப் பார்த்தால் பானை வெந்ததா என்று தெரியாது. கூழைக்கடாவை எழுதிவிட்டுக் காக்கையை விட்டது, மலர்ந்த பருக்கையைத் தேடி எடுத்த கதை.

இதைத்தான் 'முழுப் பட்டியல்' என்கிறார்கள். நீங்கள் பார்த்தது, காதால் கேட்டது, அடையாளம் தெரிந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அரியது, அழகானது, படம் எடுக்கத் தோதாக உட்கார்ந்தது என்ற பாகுபாடு கூடாது. அடையாளம் தெரியாததை விட்டுவிடலாம், அது குற்றமில்லை. தெரிந்ததை விடுவதுதான் குற்றம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்குத்தான், உண்மை எண்கள் இல்லை. ஒரு மாவட்டத்திலிருந்து நூறு பட்டியல் வருகிறது, முப்பதில் பனங்காடை இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து அதே மாவட்டத்தில் நூறு பட்டியல், பன்னிரண்டில்தான் பனங்காடை. பறவை குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆனால் இது செல்ல வேண்டுமானால், மிச்சமுள்ள எண்பத்தெட்டுப் பட்டியலிலும் பனங்காடை உண்மையிலேயே கண்ணில் படவில்லை என்று நம்ப முடிய வேண்டும். ஒரு காலத்தில் மின்கம்பிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்த பறவை அது. சாதாரணமாக இருந்தபோது யாரும் அதை எழுதவில்லை, அரிதானதும் ஆளாளுக்கு ஓடிப்போய் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். தாளில் பனங்காடை பெருகிக்கொண்டே போகும், காட்டில் அழிந்துகொண்டே வரும். முழுப் பட்டியல் இல்லாத கணக்கு தலைகீழாகவே பேசிவிடும்.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை. பாறுக் கழுகுகளை நினைத்துப் பாருங்கள். வடஇந்தியாவில் செத்த மாட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவை அவை. காக்கையைப் போலத்தான், யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆய்வாளர்கள் 1991 முதல் 1993 வரை வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் சாலை வழியே வண்டியில் போய், கண்ணில் பட்ட கழுகு, பருந்துகளை எல்லாம் எண்ணி வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்தக் கணக்கெடுப்பை மறுபடி நடத்தியபோது வெண்முதுகுப் பாறு 92 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. 2007-க்குள் அந்தக் குறைவு 99.9 விழுக்காடு ஆனது. மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-இல் வெளியானது. 2006-இல் இந்தியாவில் கால்நடைக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறு பார்க்க வேண்டுமென்றால் முதுமலைப் பக்கம், மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். ஏராளமாக இருந்த காலத்தில் அதை எண்ணி வைத்தவர்கள் இல்லாவிட்டால், "அப்பல்லாம் நெறைய இருந்துச்சுப்பா" என்ற திண்ணைப் பேச்சுதான் மிஞ்சியிருக்கும். நிறைய என்றால் எத்தனை என்று கேட்டால் திண்ணையில் பதில் இருக்காது.

சரி, இனி கண்மாய்க்குப் போவோம்.

தமிழ்நாட்டில் ஊர் மக்களாகச் சேர்ந்து எண்ணுவதற்கு எளிய வாய்ப்பு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015-இலிருந்து ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் நடக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கட்டணம் இல்லை, குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினால் போதும். நாள் தேர்ந்தெடுத்ததும் நல்ல நாள்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய் நிறைந்திருக்கும், வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் தகைவிலான்களும் இங்கே இருக்கும், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். கனுப்பிடி வைத்துக் காக்கையைக் கூப்பிடும் வழக்கமுள்ள வீடுகளில் கணக்கெடுப்பு மொட்டைமாடியிலேயே தொடங்கிவிடும்.

ஒரு நாளை எல்லோருமாகப் பிடித்துக்கொண்டு எண்ணும் பழக்கம் பழையது. வட அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணித் தொடங்கியது இன்றும் ஓயவில்லை. அதுவரை அங்கே பண்டிகைக்குத் துப்பாக்கியோடு போட்டி போட்டுப் பறவை சுடுவார்கள். சுடுவதற்குப் பதில் எண்ணிப் பார்க்கலாமே என்று சொன்னவர் பறவையியலாளர் பிராங்க் சாப்மன். நம் பக்கம் 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையும் தனியாக நடத்துகிறது.

பட்டியலின் தலையில் நான்கு விஷயம் வேண்டும்: எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம், நடந்திருந்தால் எவ்வளவு தூரம். இதைப் பலரும் சடங்காக நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒருவர் கால் மணி நேரத்தில் பன்னிரண்டு உள்ளான் பார்த்தார், இன்னொருவர் மூன்று மணி நேரம் சுற்றிப் பதினைந்து பார்த்தார். யாருடைய கண்மாயில் உள்ளான் அதிகம்? நேரம் எழுதாவிட்டால் இரண்டாமவருடையது என்று தோன்றும். உழைப்பைச் சொல்லாத எண்ணிக்கை, படி எத்தனை என்று சொல்லாமல் நெல் விற்ற கதை. ஆறு மணி நேரச் சுற்றலை ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். மடைப் பக்கம் அரை மணி நேரம் ஒரு பட்டியல், மிகைநீர் வழியும் கலுங்கில் அரை மணி நேரம் இன்னொன்று என்று பிரித்துக்கொண்டால் எந்தப் பறவை எங்கே என்பது கலங்காமல் நிற்கும்.

இப்போது எண்ணுவது. ஒன்று இரண்டாக இருப்பதில் சிக்கல் இல்லை. கண்மாய் நடுவில் கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக நாமக்கோழிக் கூட்டம் ஒன்று கிடந்தால்தான் தலை சுற்றும். முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவுத் துண்டு கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது? பதினாறு முறை என்றால் 160. பெருங்கூட்டமானால் பத்துக்குப் பதில் ஐம்பது. சாயங்காலம் அடையப் போகும் சூறைக்குருவிகளை இப்படித்தான் எண்ண முடியும். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற கூட்டம் அது, சோளக்காட்டுக்காரர்கள் சோளப்பட்சி என்பார்கள். புகை சுருண்டு திரும்புவது போல வானத்தில் திரும்பும். தோராயம்தான். ஆனாலும் "நிறைய" என்பதைவிட 2,000 என்ற தோராயம் எவ்வளவோ மேல். சும்மா 'இருந்தது' என்று குறிக்கவும் செயலியில் வழி உண்டு. அதைக் கைவிட முடியாத நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடுவோமோ என்ற கவலை எல்லோருக்கும் வரும். வர வேண்டும். கண்மாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே போக்காகப் பாருங்கள், திரும்பி வரும்போது எண்ணாதீர்கள். ஓரிடத்திலேயே உட்கார்ந்திருந்தால், வந்து வந்து போகும் பறவைக்கு ஒரே நேரத்தில் கண்ட அதிக எண்ணிக்கையை எழுதுங்கள். பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் விதியே அதுதான்: ஒரு மணி நேரம், ஒவ்வொரு இனத்திலும் ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்சம். கொஞ்சம் குறைவாகத்தான் வரும். எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவதால் ஒப்பிடுவதற்குக் கெடுதல் இல்லை.

அடையாளம் காண்பது தனி வித்தை, ஒரு காலையில் வராது. ஆனால் கண்மாய் நல்ல பள்ளிக்கூடம். கொக்குகளிலிருந்து தொடங்குங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு என்று நானும் நினைத்திருந்தேன். அலகு மஞ்சளாக, மாட்டின் காலடியிலேயே சுற்றுவது உண்ணிக்கொக்கு. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. மஞ்சள் சாக்ஸ் போட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். மடையான் இன்னொரு வேடிக்கை. வரப்பில் மண்ணாங்கட்டி போல உட்கார்ந்திருக்கும், நீங்கள் மிதிக்கப் போகிற கடைசி நொடியில் வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு பறக்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் குழப்பும். உடம்பு முழுதும் தண்ணீருக்குள்ளிருக்க, கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே நீண்டால் பாம்புத்தாரா. மற்றதெல்லாம் போகப் போக வரும். சந்தேகமென்றால் 'ஏதோ ஒரு கொக்கு' என்றே எழுத இடமிருக்கிறது, ஊகித்து எழுதுவதைவிட அது நேர்மையானது.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலி உண்டு. நல்ல உதவிதான், ஆனால் அது சொல்லிவிட்டது என்பதற்காக எழுதிவிடாதீர்கள். அது கைகாட்டும், கண்டுபிடிக்க வேண்டியது நாம். நான் அதை நம்பி இரண்டு தடவை அசடு வழிந்திருக்கிறேன்.

அதைவிட நல்ல உதவி கரையிலேயே கிடைக்கும். ஆடு மேய்க்கிறவர், மீன் ஏலம் எடுத்தவர், மடை திறக்கும் நீர்க்கட்டி. இவர்கள் ஆண்டு முழுவதும் அங்கே இருக்கிறார்கள். எந்தப் புதரில் எது அடையும், எந்த மாதம் எது வரும் என்று தெரிந்தவர்கள். பெயரில் மட்டும் கவனம் வேண்டும். செம்போத்து என்பார் ஒருவர், செண்பகம் என்பார் இன்னொருவர், பறவை ஒன்றே. நாரை என்று ஒரே சொல்லில் நான்கைந்து பறவையைச் சொல்வார்கள். ஊர்ப்பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பட்டியலில் எந்த இனம் என்று பறவையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊர்ப்பெயரை விட்டுவிடாதீர்கள், அதுவும் அழிந்துகொண்டிருக்கிற ஒன்று.

பட்டியலை ஏற்ற நாம் பயன்படுத்துவது இ-பேர்ட் என்ற தளம். 2002-இல் அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் கழகமும் தொடங்கியது, இன்று உலகம் முழுதும் ஓடுகிறது. ஏற்றியவுடன் எல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படும் என்று நினைக்க வேண்டாம். ஒரு வட்டாரத்தில் ஒரு மாதத்தில் எது எத்தனை இருக்கலாம் என்று முன்பே ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதை மீறினால் கேள்வி வரும், படம் உண்டா, எப்படிப் பார்த்தீர்கள் என்று அந்தப் பகுதித் தன்னார்வலர் ஒருவர் கேட்பார். கோபப்பட வேண்டாம். என்னைக் காக்கை கேட்டவரும் அப்படி ஒருவர்தான்.

இந்தப் பட்டியல்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதற்கு ஒரு விடை இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இலும் 2023-இலும் அறிக்கைகள் வந்தன. இரண்டாவது அறிக்கைக்கு அடித்தளம் 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள், அலசப்பட்ட இனங்கள் 942. மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன என்று அதில் வந்தது. பனங்காடை குறைந்துவிட்டது, எந்த உயிரினம் எவ்வளவு அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் செம்பட்டியலில் அதன் நிலையை மறுபடி பார்க்க வேண்டும் என்றும் வந்தது. சிட்டுக்குருவி பற்றி 2020 அறிக்கை சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. நாடு முழுவதும் பார்த்தால் அது ஏறத்தாழ நிலையாகத்தான் இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது அறிக்கை. செல்போன் கோபுரம்தான் சிட்டுக்குருவியைக் கொன்றது என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதற்குச் சான்று இல்லை என்பதைச் செரிக்கச் சற்று நேரம் பிடிக்கத்தான் செய்யும். சிட்டுக்குருவியை 'சாதாரணம்' என்று ஒதுக்காமல் எழுதியவர்கள் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்பார்கள். நோட்டு, பென்சில், தண்ணீர், தொப்பி. பைனாகுலர் ஊருக்கு ஒன்று இருந்தால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டாலும் பாதிப் பறவை வெறும் கண்ணுக்கே தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கூட்டமாகப் போனால் எழுதுவது ஒருவர், எண்ணுவது இருவர், மற்றவர்கள் கண்ணும் காதும். எட்டுப் பேர் எட்டுப் பட்டியல் போட்டால் ஒரு கண்மாய் எட்டாகிவிடும்.

பறவை கிளம்பட்டும், எண்ணலாம் என்று கை தட்டுவதும் கல் எறிவதும் ஆகாது. கூட்டின் இடத்தை, ஆந்தை பகலில் அடையும் பொந்தைப் பொதுவில் போடாதீர்கள், மறுநாள் கேமராக்கள் வரிசை கட்டும். இதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவை மிரளும் என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. பல ஆண்டுகளாக இப்படித்தான். அவர்களுக்குப் பறவை மரியாதையை நாம் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்றுமே இல்லாத கண்மாய்க்கும் போய் எழுத வேண்டும் என்பதுதான் புதிதாக வருபவர்களுக்குக் கடினமாக இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் உள்வாயில் வேலிக்கருவையும் வெடித்த மண்ணும்தான் இருக்கும். நாற்பது நிமிடம் நடந்தால் நான்கு மைனா, ஒரு கரிச்சான், மின்கம்பியில் இரண்டு புறா. வந்ததே வீண் என்று தோன்றும். அந்தப் பட்டியலையும் ஏற்றுங்கள். தண்ணீர் இருந்த ஆண்டின் 160 நாமக்கோழிக்கு எதிரே வைத்துப் பார்க்க, நாமக்கோழி இல்லாத ஆண்டின் தாள் வேண்டும். வெற்றுக் கண்மாய்க்கு யாரும் போகாமல் நிறைந்த கண்மாய்க்கே எல்லோரும் போனால், மறுபடியும் மலர்ந்த பருக்கைதான்.

அடுத்த பொங்கலுக்கு அதே கண்மாய்க்கு என் அக்கா மகளைக் கூட்டிப் போனேன். எட்டு வயது. அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான், காக்கா. கலுங்கில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணி, நோட்டில் 23 என்று எழுதினாள். அதற்குள் இரண்டு காக்கை பனைமரத்திலிருந்து கிளம்பி ஊர்ப்பக்கம் போய்விட்டன.

"மாமா, ரெண்டு போயிருச்சு. அடிக்கட்டுமா?"

"வேணாம். பாத்தது பாத்ததுதான்."

சற்று நேரத்தில் ஊர்ப்பக்கமிருந்து மூன்று வந்து அதே பனையில் உட்கார்ந்தன. அவள் என்னைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள், பென்சிலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து விரல் மடக்கி எண்ணி, 23-ஐ அடித்துவிட்டு 24 என்று எழுதினாள்.